மகேசர் நகர்த்திய சிப்பாய்

இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் போர்ட் பிளேரில் 1858-ஆம் ஆண்டு கைதிக் குடியேற்றம் ஏற்பட்டது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர்க் கல்கத்தாவில் நடந்த சதுரங்க ஆட்டம் ஒன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இருப்புப்பாதையே இல்லாத தீவில் ரயில்வே எழுத்தர்க்கு இதற்கெல்லாம் ஓய்வுண்டு என அன்பர்கள் நகைப்பர், நகைக்கட்டும்.

1855 மே மாதம். வெள்ளைக்கு ஜான் காக்ரேன் என்னும் பாரிஸ்டர். கறுப்புக்கு வங்கக் கிராமத்தவரான மகேசசந்திர பானர்ஜி. வெள்ளையின் ராணிச் சிப்பாய் இரு கட்டம் சென்றது. மகேசர் ராஜா பக்கக் குதிரையை எடுத்தார். ராணி பக்க மந்திரிச் சிப்பாயும் இரு கட்டம் வந்தது. மகேசரோ ராஜா பக்கக் குதிரைச் சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்தினார். நம் நாட்டுப் பழைய முறையில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டமே உண்டு. அப்பழக்கமே அவர் கையைச் செலுத்தியது எனக் கருதுகின்றோம். வெள்ளை ராணி பக்கக் குதிரையை வெளிக்கொணர, அவர் தம் ராணிச் சிப்பாயை இரு கட்டம் தள்ளி நடுக்களத்தில் மோதினார். பின்னர் மந்திரி அச்சிறு வழியில் அமர்ந்து, நெடிய மூலைக்கோட்டை நோக்கியது. நடுக்களத்தை எதிரிக்கு விட்டுப் பக்கத்திலிருந்து தகர்ப்பதே இதன் நுட்பம்.

ஆட்டத்தில் மகேசர் தோற்றார். தொடக்கத்தால் அன்று, பிந்திய பிழையால். 1922-இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் குருன்பெல்டு இதே தற்காப்பால் அலேகினை வென்றார். நூல்களில் அவர் பெயரே நிலைத்தது. நம் சிறுவர்க்கு இதனைப் பயிற்றுகையில் மகேசர் பெயரையே முதலிற் சொல்லித் தருகின்றோம்.