பாப் பார்க்கர்: விலை கேட்டவரின் செல்வம்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் பணம் சேர்த்துவிட்டு, முதுமையில் நல்ல காரியங்களுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் பலர். பாப் பார்க்கரையும் அந்த வரிசையில் சேர்ப்பதே வழக்கம். அது பாதி உண்மைதான். அவருடைய வாழ்க்கையை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால், பெரிய நன்கொடைகள் எல்லாம் பிற்பகுதியில்தான் வருகின்றன. அதற்கு வெகு காலம் முன்பே, தன் கையிலிருந்த மைக்கையும், தினமும் அவருக்குக் கிடைத்த சில நொடிகளையும், கடைசியில் தன் வேலையையுமே விலங்குகளுக்காகச் செலவிட்டவர் அவர். விலங்குரிமைக்கு அவர் போட்ட முதன்மையான மூலதனம் டாலர் அல்ல, வீட்டுக்கூடங்களில் அவர் சம்பாதித்திருந்த நம்பிக்கை. பணம் அதைத் தொடர்ந்து வந்து, தொலைக்காட்சி போக முடியாத இடங்களுக்குப் போனது.

1923 டிசம்பர் 12 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் டாரிங்டனில் பிறந்தவர். உயர் அழுத்த மின்கம்பி வேலையில் மேற்பார்வையாளராக இருந்த தந்தை 1929இல் இறந்துவிட, பள்ளி ஆசிரியையான தாய் மட்டில்டாதான் வளர்த்தார். இளமை கழிந்தது தெற்கு டகோட்டாவில், ரோஸ்பட் பழங்குடிப் பகுதியில். தந்தை வழியில் அவருக்கும் சூ இன ரத்தம் உண்டு. மிசௌரியில் ட்ரூரி கல்லூரிப் படிப்பு, இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் விமானிப் பயிற்சி, பிறகு வானொலி. கலிபோர்னியாவில் அவர் நடத்திவந்த வானொலி நிகழ்ச்சியைக் காரில் போகும்போது கேட்ட தயாரிப்பாளர் ரால்ஃப் எட்வர்ட்ஸ், தன்னுடைய ‘ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்’ நிகழ்ச்சிக்கு அழைத்துக்கொண்டார். 1956 டிசம்பர் 31 அன்று தொடங்கிய அந்த வேலைதான் அவரை நாடறிந்தவராக்கியது. 1972 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘தி பிரைஸ் இஸ் ரைட்’ புது வடிவில் வந்தபோது அதன் தொகுப்பாளர் ஆனார். 2007 ஜூன் வரை 35 ஆண்டுகள் அந்த மேடையை விடவில்லை.

அந்த நிகழ்ச்சி நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பார்வையாளர் கூட்டத்திலிருந்து பெயர் சொல்லி நான்கு பேரை முன்வரிசைக்கு அழைப்பார்கள். ஒரு பொருளைக் காட்டுவார்கள். உண்மையான விலையைத் தாண்டாமல், அதற்கு மிக அருகில் யார் சொல்கிறாரோ அவர் மேடை ஏறுவார். அங்கே சோப்புத்தூள், டப்பா சூப், குளிர்பதனப் பெட்டி, கார் என்று விலை ஊகிக்கும் விளையாட்டு தொடரும். பொது அறிவோ அழகோ தேவையில்லை. மாதச் சாமான் வாங்கி, சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டுப் பழகிய மூளை போதும். ஒல்லியான நீண்ட மைக்கைப் பிடித்துக்கொண்டு, பதற்றத்தில் துள்ளுகிற மனிதரைக் கேலி செய்யாமல், அவர் பக்கம் நின்று விளையாட்டை நடத்திச் செல்வார் பார்க்கர். பகல் நேர நிகழ்ச்சி என்பதால் இல்லத்தரசிகள், ஓய்வுபெற்றவர்கள், இரவுப் பணி முடித்து வந்தவர்கள், காய்ச்சலில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் என ஒரே முகங்கள் வருடக்கணக்காகப் பார்த்தன. அரசியல்வாதிக்கும் போதகருக்கும் எளிதில் கிடைக்காத செல்வாக்கு இது.

மனமாற்றம் வீட்டிலிருந்து வந்தது. அவருடைய மனைவி டாரதி ஜோ முன்பே மென்மயிர் ஆடைகளைக் கைவிட்டு, சைவ உணவுக்கு மாறியிருந்தார். பார்க்கர் 1979இல் அதைப் பின்பற்றினார். 1981இல் டாரதி புற்றுநோயால் இறந்தார். அடுத்த ஆண்டு முதல், நிகழ்ச்சியை முடிக்கும்போது, நாய் பூனைகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த உங்கள் வீட்டு விலங்குகளுக்குக் கருத்தடை செய்யுங்கள் என்று சொல்லி விடைபெறத் தொடங்கினார். மென்மயிர்க் கோட்டுகள் பரிசுப் பட்டியலிலிருந்து நீங்கின. மிஸ் யுஎஸ்ஏ, மிஸ் யுனிவர்ஸ் மேடைகளை 1967 முதல் தொகுத்து வழங்கியவர், 1987இல் நியூ மெக்சிகோவின் ஆல்பகர்க்கியில் போட்டியாளர்கள் அசல் மென்மயிர் அணிந்து மேடையேறினால் தான் ஏற மாட்டேன் என்று நின்றார். அன்று செயற்கைக் கோட்டுகள் வந்தன. பரிசாக மென்மயிர் கொடுப்பதை மட்டும் அமைப்பாளர்கள் நிறுத்தவில்லை. 20 ஆண்டுப் பணியை விட்டு வெளியேறினார். காசோலை எழுதுவதைவிட இது கடினம். எழுதிய காசோலைக்குப் பாராட்டு வரும், விட்டுப்போன வேலைக்குப் பதில் வேலை வராது.

வெறும் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1970களில் அமெரிக்கக் காப்பகங்களில் ஆண்டுதோறும் 1.2 கோடி முதல் 2 கோடி வரை நாய் பூனைகள் கொல்லப்பட்டதாக விலங்கு நல அமைப்புகள் மதிப்பிட்டன. இன்று அது 10 லட்சத்துக்கும் கீழே. இந்த வீழ்ச்சி பார்க்கர் வாயைத் திறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி 1970களின் தொடக்கத்திலேயே மலிவுக் கட்டணக் கருத்தடை மருத்துவமனை திறந்தது. கருத்தடை செய்த விலங்குக்குக் குறைந்த உரிமக் கட்டணம், தத்தெடுப்பு இயக்கம், கால்நடை மருத்துவர்களின் உழைப்பு எல்லாம் இதில் பங்காளிகள். ஆகவே வெற்றியை ஒருவர் தலையில் சூட்டுவது தவறு. ஆனால் மருத்துவமனை திறந்தால் போதாது, நாயை அங்கே கொண்டுபோக ஒருவர் முடிவெடுக்க வேண்டும். அறுவை செய்வது கொடுமை, ஒரு முறையாவது குட்டி போடட்டும் என்று நினைத்திருந்த குடும்பங்களிடம், கருத்தடை பொறுப்பான சாதாரணக் காரியம் என்று 25 ஆண்டுகள் சொன்ன குரல் அந்த முடிவை எளிதாக்கியது. சொன்னதோடு அவர் நிற்கவும் இல்லை. மனைவி, தாய் இருவரின் நினைவாக 1994இல் டிஜே அண்ட் டி அறக்கட்டளையை நிறுவி, வசதி குறைந்தவர்கள் அறுவைக்குப் பணமில்லாமல் திரும்பாதபடி மலிவு, இலவசக் கருத்தடைப் பணிகளுக்கு நிதி கொடுத்தார்.

அவருடைய சொத்து மதிப்பு என்று சுற்றிவரும் தொகைகள் ஊகங்கள். கொடுத்தவற்றுக்குப் பதிவு உண்டு. கொலம்பியா, டியூக், லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிகளுக்கு விலங்குரிமைச் சட்டம் கற்பிக்கத் தலா 10 லட்சம் டாலர் கொடுத்தார். திமிங்கில வேட்டையைத் தடுக்க சீ ஷெப்பர்ட் அமைப்புக்கு 50 லட்சம் டாலர். அதில் வாங்கிய கப்பல், 1950இல் நார்வேயில் திமிங்கிலம் பிடிக்கவே கட்டப்பட்டது. 2010 ஜனவரியில் அவருடைய பெயரோடு அண்டார்க்டிக் கடலில் வேட்டைக் கப்பல்களின் குறுக்கே போய் நின்றது. டொராண்டோ விலங்குக்காட்சிச் சாலையின் டோகா, திகா, இரிங்கா என்ற மூன்று யானைகள் 2013 அக்டோபரில் லாரிகளில் கலிபோர்னியா சரணாலயம் போய்ச் சேர்ந்ததற்கும் அவர் பணமே உதவியது.

இங்கே எதிர்ப்பு வலுக்கிறது. சீ ஷெப்பர்டின் செயலை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2013இல் கடற்கொள்ளை என்றே வர்ணித்தது. அண்டார்க்டிக் வேட்டைக்கு எதிராக 2014இல் தீர்ப்பளித்ததோ சர்வதேச நீதிமன்றம், ஆஸ்திரேலியா தொடுத்த வழக்கில். மோதல் வழியைவிட வழக்கு வழி நிலைத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனாலேயே கப்பலைவிடச் சட்டக் கல்லூரிகளுக்குக் கொடுத்ததை நான் மேலாகக் கருதுகிறேன். இன்னொரு குறை இதைவிடக் கனமானது. 1994இல் நிகழ்ச்சியின் முன்னாள் மாடல் ஒருவர் அவர்மீது பாலியல் தொல்லை வழக்குத் தொடுத்தார். உறவு இருந்ததாக ஒப்புக்கொண்ட பார்க்கர், அது இருவரும் விரும்பியது என்றார். வழக்கு மறு ஆண்டு திரும்பப் பெறப்பட்டது. பணியிழந்த வேறு சிலரும் பின்னர் வழக்குத் தொடுத்தனர். விலங்கிடம் காட்டிய இரக்கத்தைக் கொண்டு, தன் அதிகாரத்தின் கீழ் வேலை பார்த்த பெண்களின் புகாரைத் தள்ளுபடி செய்ய முடியாது. அந்தக் கணக்கு தனி. அதே நேரம், அந்தக் கணக்கைக் காட்டி, கருத்தடைக்குப் போன விலங்குகளின் கணக்கை அழிக்கவும் முடியாது.

2007 அக்டோபரில் மேடையேறிய ட்ரூ கேரி, பார்க்கரின் அந்த வேண்டுகோளைச் சொல்லியே நிகழ்ச்சியை முடிக்கும் வழக்கத்தை இன்றும் தொடர்கிறார்.