டோலிக் கழி

ஒரு பள்ளி நாடகத்துக்கு உடைகளும் சாமான்களும் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டபோது, வெள்ளைக்கார துரைசானியின் கவுன்தான் என்னைப் படுத்தப்போகிறது என்று நினைத்தேன். கொடைக்கானலின் பழைய கதையைப் பிள்ளைகள் நடித்துக் காட்டும் நாடகம் அது. அதில் ஒரு காட்சி, 1875-ஐ ஒட்டிய ஒரு கோடையில் நடக்கிறது. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்கிய குடும்பம் ஒன்று டோலியில் மலையேறுகிறது.

இந்த மலையேற்றத்துக்கு வரலாறு உண்டு. 1821-ல் லெப்டினன்ட் வார்டு பழனி மலையை அளக்க வந்தார். 1834-ல் மதுரையின் சப் கலெக்டர் ரவுட்டன் செம்பகனூர் அருகே ஒரு சிறு பங்களா கட்டினார். வெயிலுக்கும் காலராவுக்கும் பயந்து மதுரையிலிருந்து ஏறிவந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-ல் இரண்டு வீடுகளைக் கட்டி முடித்தார்கள். பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து குதிரை ஏறக்கூடிய பாதை 1854-ல் வந்தது. ஏறக்குறைய 18 கிலோமீட்டர். 1914-ஐ ஒட்டி வத்தலக்குண்டு பக்கமிருந்து லாஸ் காட் சாலை அமையும்வரை நடை, குதிரை, இல்லாவிட்டால் மனிதத் தோள்.

கவுன் சுலபமாக முடிந்தது. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-லேயே அளவு வாரியாகக் காகித வெட்டுமாதிரிகளை விற்கத் தொடங்கிவிட்டார். இங்கே லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து ஏரி உண்டாக்கிய அதே வருடம். அந்தக் காலத்து உடைகளுக்குப் படம் இருக்கிறது, அளவு இருக்கிறது, பொத்தான் எத்தனை என்பதுகூட இருக்கிறது. எங்கள் தையல்கார அக்கா படத்தைப் பார்த்தே வெட்டிவிட்டார். துரையின் தொப்பிக்குத் தஞ்சாவூரிலிருந்து நெட்டி வாங்கினேன். கோயில் பொம்மை செய்கிறார்களே, குளத்தில் வளரும் அதே நெட்டிதான். வெள்ளைச் சோற்றை மெல்லிய தாளாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே துணி போர்த்தினால் சோலா தொப்பி. கையில் எடுத்தால் கனமே தெரியாது.

பிறகு தூக்குபவர்களுக்கு வந்தேன். நோட்டில் அவர்களுக்கான பக்கம் காலியாக இருந்தது. நான் படித்த பயணக் குறிப்புகளில் எல்லாம் 'கூலிகள்' என்ற ஒரே சொல். என்ன உடுத்தினார்கள், இடுப்பில் என்ன செருகினார்கள், மலைக்குளிருக்கு என்ன போர்த்தினார்கள்? நாடகத்தை இயக்கியவர், "பழைய வேட்டி, தலையில ஒரு முண்டாசு, போதும் சார். யார் பார்க்கப் போறா?" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் பதிலும் இல்லை.

டோலியே பதில் சொல்லட்டும் என்று அதைச் செய்தேன். ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் மூங்கில் கழி, தேங்காய்நார்க் கயிறு. நான்கு பையன்கள் பள்ளி மைதானத்தில் தூக்கினார்கள், நன்றாகவே இருந்தது. சரிவில் ஏறச் சொன்னேன். பத்தடியில் பின்னால் நின்ற இருவரும் முழி பிதுங்கினார்கள். உட்கார்ந்திருந்த சிறுமி மல்லாக்கச் சாய்ந்து அலறினாள். கழி உரசி ஒருவனுக்குத் தோள் சிவந்துவிட்டது.

பள்ளியில் தோட்டவேலை செய்பவரின் மாமனார் அன்று வந்திருந்தார். வெள்ளகவி பக்கத்து ஆள். கொஞ்சநேரம் வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏறும்போது நெட்டையா இருக்கவன் பின்னாடி நிக்கணும் சார். குட்டையன் முன்னாடி. எறங்கும்போது மாத்திக்கணும். தோள்ல துண்ட நாலா மடிச்சுப் போடுங்க. நாலு பேர் பத்தாது, மாத்துறதுக்கு இன்னும் நாலு பேர் கூடவே நடக்கணும்."

"ஐயா, உங்க தாத்தா காலத்துல தொரைமாருக்குத் தூக்கியிருக்காங்களா?"

"அது யாருக்குத் தெரியும்? நாங்க எங்க ஊர்க்காரங்களத் தூக்குறோம். புள்ளத்தாச்சி, பாம்பு கடிச்சவன். நாற்காலியெல்லாம் கெடையாது. ஒத்தக் கழி, கம்பளி. ரெண்டு முனையிலயும் முடிச்சு. அவ்வளவுதான்."

அவர் சொல்வது எனக்குப் புதிதில்லை. வெள்ளகவி, சின்னூர், பெரியூர் ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிவந்த செய்தியை எத்தனையோ முறை பேப்பரில் படித்திருக்கிறேன். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். அந்தச் செய்தியையும் என் காலிப் பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. ஆவணத்தில் தேடிக்கொண்டிருந்த தொழில்நுட்பம் முழுசாக ஓர் ஆளின் தோளில் இருந்தது.

மறுவாரம் அவர் தன் ஊரிலிருந்து ஒரு கழியைக் கொண்டுவந்தார். நடுவில் கை பட்டுப்பட்டு வழவழத்திருந்தது. பையன்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தார். மடித்த துண்டு, மழைக்குச் சாக்குக் கொங்காணி, மாற்றுக்கு நான்கு பேர் என்று என் பக்கம் நிரம்பியது. 1875-க்கு இது எவ்வளவு பொருந்தும் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. தூக்கியவர்களின் தேவை மாறியிருக்காது என்பது மட்டும் உறுதி. இயக்குநரும் இறங்கிவந்தார். துரைசானி காட்சிக்குப் பின்னால், அதே பையன்கள் ஒரு நோயாளியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு மேடையின் குறுக்கே எதிர்த்திசையில் இறங்கிப்போகும் காட்சி ஒன்று சேர்ந்தது. அதற்கு வசனம் எழுதவில்லை.

நாடகம் முடிந்த மறுநாள் கவுனையும் தொப்பியையும் பெட்டியில் வைத்துப் பூட்டினோம். கழியையும் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளலாமா, பிள்ளைகள் பார்ப்பார்களே என்று பெரியவரிடம் கேட்டேன்.

"இல்ல சார், அது வேணும்," என்றார். "மழைக்காலம் வருதுல்ல."

கழியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.