எட்டு மணி நேரம் யாருக்கு?



நம் மன்றத்து மேடைகளில் நிலத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம், கோயில் நுழைவைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இன்று நேரத்தைப் பற்றிப் பேசுவோம். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் நம் பிள்ளைகளின் ஒரு நாளில், அவர்களுக்கென்று மிஞ்சும் மணி எத்தனை? இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

இந்தத் தொழிற்பேட்டைகள் நிற்பது பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண்ணில். அம்மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, கடனால் ஆண்டையிடம் கட்டுண்டு கிடந்த படியாட்களின் நிலையைப் பதிவு செய்தது. பஞ்சமி நிலத்துக்கு வழிவகுத்த ஆவணம் என்றே அதை நாம் நினைவுகூர்கிறோம். உழைப்பின் வரலாறாகவும் அதை வாசிக்க வேண்டும். படியாளுக்குக் கூலி படியால் அளக்கப்பட்டது. அவர் நேரத்தை அளக்க எந்தப் படியும் இருக்கவில்லை.

உலக அளவில் வேலைநேரத்துக்கு அளவுகோல் வந்தது 1919இல். வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு, நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று தன் முதல் உடன்படிக்கையை வகுத்தது. ஆனால் அதே உடன்படிக்கை இந்தியாவுக்கு 60 மணி என்றது, ஜப்பானுக்கு 57. தட்பவெப்பத்தையும் தொழில் வளர்ச்சியின்மையையும் காரணம் காட்டி விலக்கு தர வெர்சாய் ஒப்பந்தமே இடம் வைத்திருந்தது. 1922இன் தொழிற்சாலைச் சட்டம் அந்த 60ஐ இங்கே சட்டமாக்கியது. அண்ணல் அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். வேலைநேரத்திலும் நாடுகள் அப்படித்தான் படிப்படியாக அடுக்கப்பட்டன.

பக்கத்தில் புதுச்சேரியைப் பாருங்கள். 1936 ஜூனில் பிரான்சுத் தொழிலாளர்கள் வாரம் 40 மணி நேரத்தை வென்றெடுத்தனர். அடுத்த மாதம் 30ஆம் தேதி, அதே பிரான்சின் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த உயிர்களுக்குப் பிறகே அங்கு 8 மணி நேர வேலை சட்டமானது.

பிரிட்டிஷ் இந்தியாவில் இந்தக் கணக்கை மாற்றியதில் அம்பேத்கரின் பங்கு பெரிது. 14 மணி நேரத்தை 8 ஆக்கினார் என்று நம் கூட்டங்களில் சொல்கிறோம். சரியான கணக்கைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. 1934 சட்டப்படி ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி, நாளுக்கு 10 மணி. வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக 1942 முதல் 1946 வரை இருந்த அவர் காலத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தம் அதை 48 ஆகவும் 9 ஆகவும் குறைத்தது. 1946 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. வாஷிங்டன் மறுத்த 48 மணி நம்மை வந்தடைய 27 ஆண்டுகள் ஆயின.

இனி நம் காலம். 2023 ஏப்ரல் 21 அன்று, நாளுக்கு 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் திருத்த மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரம் அதே 48 மணிதானே, நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்று விளக்கம் தரப்பட்டது. நாம் ஒரு நாளை மட்டும் எண்ணிப் பார்ப்போம். வேலை 12 மணி, இடைவேளை 1 மணி, அரக்கோணம் பக்கமிருந்தோ செய்யாறு பக்கமிருந்தோ வந்துபோக 3 மணி. ஆக 16. மிச்சம் 8 மணியில் தூங்குவதா, சமைப்பதா, பிள்ளையின் முகம் பார்ப்பதா? தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1 அன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக 100 ஆண்டுகள்.

நம் வழித்தடத்து நிறுவனங்களின் தாய்நாடுகளில் நிலை என்ன? ஒரகடத்தில் லாரி செய்யும் டைம்லரின் ஜெர்மனியில், மேற்குப் பகுதி உலோகத் தொழிலாளர்கள் 1984இல் பெரும் வேலைநிறுத்தம் நடத்தி, 1995இல் வாரம் 35 மணி நேரத்தை எட்டினர். தென் கொரியாவில் 2018 முதல் மிகைநேரம் உட்பட 52 மணி என்பதே வார உச்சவரம்பு. நம் 1948 சட்டமோ காலாண்டு வரம்போடு மிகைநேரம் சேர்த்து வாரம் 60 மணி வரை அனுமதித்தது. வாஷிங்டன் நமக்கு ஒதுக்கிய அதே எண்! சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் முதன்மைக் கோரிக்கை சங்க அங்கீகாரம். நேரத்தைக் குறைக்கும் வலிமை சங்கத்தில்தான் இருக்கிறது என்பதைத் தொழிலாளர்கள் அறிந்திருந்தனர்.

ஆனால் சங்கம் யாரை எண்ணுகிறது? 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் சங்கத்துக்கும் ஆதிதிராவிடத் தொழிலாளருக்கும் இடையே விழுந்த பிளவு புளியந்தோப்பில் குடிசைகள் எரிவதில் முடிந்தது. சாதி வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் பின்னாளில் எழுதினார். இன்று அந்தக் கோடு நிரந்தரம், பயிற்சியாளர், ஒப்பந்தம் என்ற அடையாள அட்டைகளில் ஓடுகிறது. முகவர் வழியாக வந்தவரும் தொழிலாளரே என்று 1948 சட்டம் சொன்னது. இருந்தும் நாளை வேலை உண்டா என்று தெரியாதவரால் மிகைநேரத்தை மறுக்க முடிவதில்லை. நிலம் போன சேரியின் பிள்ளைக்கு இந்தப் பயம் இன்னும் அதிகம்.

ஆகவே நாடுகளை ஒப்பிடும்போது சட்டத்தில் உள்ள எண்ணோடு நிறுத்த வேண்டாம். ‘இன்று இதற்கு மேல் முடியாது’ என்று சொல்லிவிட்டு, மறுநாளும் அதே வேலைக்கு வர ஒரு தொழிலாளியால் முடிகிறதா என்று கேட்போம். படியாளுக்கு அந்தச் சொல் இருக்கவில்லை. அவர் பேரப்பிள்ளைகளுக்கு அதைப் பெற்றுத் தருவதே நம் தலைமுறையின் வேலை.