புகை நாறாமல்

பன்றி இறைச்சியைத் தீயில் வாட்டுவது பற்றித் தமிழில் உள்ள பழைய குறிப்புகளில் ஒன்று சமையல் நூலில் இல்லை, கவிதையில் இருக்கிறது. அந்தக் கவிதை நடக்கும் இடமோ, நான் வங்கியில் குமாஸ்தாவாக இருக்கும் இந்தத் திருவண்ணாமலைக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது. இவ்வளவு அருகில் இருந்தும் அதைச் சமையல் விஷயமாக நாம் படித்ததில்லை. ஏன் படிக்கவில்லை என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

கவிதை மலைபடுகடாம். 583 அடிகள். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். நன்னனின் நவிரமலையை நம் ஊருக்கு வடக்கே உள்ள பர்வதமலை என்று ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன் எதிரே வரும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறான். எங்கே தங்கலாம், எதற்குப் பயப்பட வேண்டும், என்ன சாப்பிடக் கிடைக்கும் என்பதுதான் அவன் பேச்சு. விளைந்த புனத்தைப் பன்றி அழித்துவிடும் என்று அஞ்சிக் குறவர்கள் அது நுழையும் வழிகளிலெல்லாம் பெரிய கற்பொறிகளை மாட்டி வைத்திருக்கிறார்கள், ஆகவே பொழுது விடிந்தபின் நடங்கள் என்கிறான்.

அதே பேச்சில் இன்னொரு இடம். மார்பில் காயம் பட்டு வந்து வழியை மறித்து விழுந்து கிடக்கும் பன்றியைக் கண்டால் என்ன செய்யவேண்டும்? இருட்டில் ஒரு துண்டை வெட்டிப் போட்டதுபோல் அது கிடக்கும். காய்ந்த மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசிப் பற்றிய காட்டுத் தீ இருக்கிறது. அடர்ந்த புகை நாற்றம் இறைச்சியில் ஏறாதபடி, மயிர் போக அந்தத் தீயில் வதக்கித் தின்னுங்கள். குவளை பூத்த சுனையில் தெளிந்த நீரைக் குடியுங்கள். மிஞ்சியதைப் பொதிந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

இதை இயற்கை வர்ணனை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. இது ஒரு செய்முறை. மூங்கில் காய்ந்ததாக இருக்கவேண்டும் என்பது அலங்காரம் அல்ல. பச்சை விறகு புகையும், புகை கொழுப்பில் படிந்து கசக்கும். காய்ந்த மூங்கில் சீறி எரியும், புகை குறைவு. மயிரைப் பொசுக்க வேண்டியது அந்தத் தீதான். புகை நாறக்கூடாது என்று சொல்வதற்கு, ஒரு முறையாவது புகை நாறிய கறியைத் தின்று முகம் சுளித்திருக்க வேண்டும். கவி தின்றாரா, தின்றவரிடம் கேட்டாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த அறிவு அடிக்குள் வந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரானது என்று தோன்றக்கூடியது அமெரிக்கர்களின் பார்பெக்யூ. கரீபியத் தீவுகளின் பழங்குடி மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. பன்றி விலாவைத் தணிந்த சூட்டில் மணிக்கணக்காகப் புகையில் வைத்து மென்மையாக்குகிறார்கள். புகைதான் அங்கே ருசி. ஆனால் அங்கேயும் கைதேர்ந்தவர்கள் வெள்ளையாகத் திரண்டு வரும் புகையை விரும்புவதில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போகும் மெல்லிய நீலப் புகையைத்தான் தேடுகிறார்கள். நன்னன் நாட்டுக் கூத்தனும் அடர்ந்த புகையைத்தான் விலக்கச் சொல்கிறான்.

வேட்டைப் பன்றி மட்டும் அல்ல, வளர்ப்புப் பன்றியும் பத்துப்பாட்டில் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் கள் அடும் பெண்கள் கிண்ணம் கழுவி ஊற்றிய நீர் வழிந்து சேறாகிறது. அந்தச் சேற்றில் பெண்பன்றிகளும் குட்டிகளும் புரள்கின்றன. ஆண்பன்றியை அவற்றோடு சேரவிடாமல், குழியில் நிறுத்தி, நெல்மாவு தின்னக் கொடுத்துப் பல நாள் வளர்க்கிறார்கள். அதன் கொழுத்த தசை கள்ளோடு விருந்தாகிறது. இணை தேடி அலையாத, மேயப்போகாத ஆண் கொழுக்கும், தசை இளகும். பன்றி வளர்ப்பின் பாலபாடம் இது. தொல்காப்பியம் தன் மரபியலில், யானைக்கு உரிய 'களிறு' என்ற பெயரை ஆண்பன்றிக்கும் சொல்லலாம், விலக்கில்லை என்கிறது. இன்று ஒருவனைப் பன்றி என்று அழைத்தால் கைகலப்பு. சொல் எவ்வளவு தூரம் கீழே இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

பி.ஏ. ஆங்கிலம் படித்த நம்மில் பலருக்கு வாட்டிய பன்றி என்றதும் நினைவுக்கு வருவது சார்லஸ் லாம். அவர் 1792 முதல் 1825 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் குமாஸ்தா. 1822இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், சீனச் சிறுவன் ஒருவன் வீட்டைத் தவறிக் கொளுத்திவிடுகிறான். வெந்துபோன குட்டியைத் தொட்டுச் சுட்ட விரலை வாயில் வைக்கிறான். ருசி பிடிபடுகிறது. பிறகு ஊரே வீடுகளைக் கொளுத்துகிறது. வீடு எரியாமலும் கறி வேகும் என்று ஒரு ஞானி கண்டுபிடிக்க வெகுகாலம் ஆகிறது. நகைச்சுவைதான், ஆனால் லாமின் கேள்வி தீயை எப்படி அளவுக்குள் வைப்பது என்பது. மலைபடுகடாமிலும் தீ தற்செயலாகத்தான் பிறக்கிறது, ஆனால் கூத்தன் அதன் அளவை முதலிலேயே அறிந்தவன். நாம் லாமைப் பாடமாகப் படித்துப் பரீட்சை எழுதினோம். பெருங்கௌசிகனாரின் அந்த அடிகளை யாரும் பரீட்சையில் கேட்கவில்லை.

இப்போது இந்த ஊருக்கு வருகிறேன். திருவண்ணாமலையின் ஸ்தலபுராணத்தில் தீயும் உண்டு, பன்றியும் உண்டு. சிவன் தீத்தம்பமாக நின்றபோது அடியைத் தேடி விஷ்ணு பன்றியாக மண்ணைத் தோண்டிப் போனார். சோழர் கோயில்களின் கருவறை மேற்குச் சுவரில் லிங்கோத்பவரின் காலடியில் அந்தப் பன்றியை இன்றும் பார்க்கலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் கண்ணப்பரை எழுதும்போது இன்னும் ஒரு படி மேலே போகிறார். திண்ணன் பன்றியை வெட்டுகிறான், காடன் தீக்கடைந்து வைக்கிறான். திண்ணன் அம்பால் தசையை அரிந்து தீயில் வாட்டி, பதம் வந்ததா என்று பல்லால் கடித்துப் பார்த்து, நல்லதை மட்டும் இலைத் தொன்னையில் வைக்கிறான். இன்னொரு நாள் வேட்டை இறைச்சியில் தேன் கலந்து கொண்டுவந்து, இது தித்திக்கும் என்று கடவுளிடம் சொல்கிறான். பக்தியைத் தள்ளிவைத்துப் பார்த்தால், பதம் அறிந்த சமையல்காரனின் சித்திரம் இது. பக்தியைச் சேர்த்துப் பார்த்தாலும் அதுவேதான்.

இவ்வளவு இருந்தும், சிவனை வழிபடுவோரின் சமயப் பெயரே தமிழில் மரக்கறி உணவுக்குப் பெயராகிவிட்டது. 'சைவம்' என்ற சொல் ஓட்டல் பலகையில் ஏறிய பிறகு கண்ணப்பரின் தொன்னையில் இருந்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை. உணவின் பெயரும் சாதியின் பெயரும் ஒன்றாகிவிடுகின்றன. இந்த ஊரில் நான் வாடகைக்கு வீடு தேடியபோது, வாடகை எவ்வளவு என்று நான் கேட்பதற்கு முன் ஒரு வீட்டுக்காரர் கேட்டது, 'சார் சைவம்தானே?' என்பது. அவர் என் சாப்பாட்டை விசாரிக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் பன்றி விலாவை வீட்டில் சமைக்கிறேன். ஊர் சுற்றித் திரிந்த பன்றி கூடாது. நாடாப்புழு பயம் உண்டு. பண்ணையில் அடைத்து வளர்த்த வெண்பன்றிதான் வாங்குவது. விலாவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சவ்வைக் கத்தி முனையால் நெம்பி உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மசாலாவும் இறங்காது, கறியும் ரப்பராகும். உப்பு, மிளகு, மஞ்சள், நசுக்கிய பூண்டு தடவி இரவு முழுவதும் குளிர்பெட்டியில் ஊறவேண்டும். மறுநாள் கனத்த மண்சட்டியில், ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு, மூடியின் ஓரத்தை மாவால் அடைத்து, சிறுதீயில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். எலும்பைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுக்கள் சுமார் 70 டிகிரிக்கு மேல் மெதுவாகக் கரைந்து பசையாகின்றன. அதற்குத் தேவை நேரம். தீயைக் கூட்டி அந்த நேரத்தைக் குறைக்கப் பார்த்தால் தசை சுருங்கித் தண்ணீரைக் கக்கிவிடும். கறி எலும்பு நுனியிலிருந்து விரல் நகம் அளவு பின்வாங்கினால் பதம். கடைசியில் புளிக்கரைசலும் வெல்லமும் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பைத் தடவி, கரி கனிந்து சாம்பல் பூத்த பிறகு கம்பிவலையில் பத்து நிமிஷம் புரட்டி எடுப்பது. சாம்பல் பூக்கும் முன் வைத்தால் புகை நாறும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் மலைபடுகடாமின் அந்த அடிகள் எனக்கு அச்சுப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தன. நச்சினார்க்கினியர் அந்த இடத்துக்குக் கூச்சமில்லாமல் உரை எழுதினார். மரக்கறி உண்ணும் குடும்பத்தில் பிறந்த உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அந்த உரையோடு எதையும் மறைக்காமல் அச்சிட்டார். கூச்சம் அவர்களுக்குப் பின் வந்த வாசகர்களுடையது. சங்கக் கவிதையில் மலரையும் யாழையும் பொறுக்கிக்கொண்டு நிணத்தைத் தாண்டிப் போகும் ரஸனையை நாம் நவீன விமர்சனத்திலும் தொடர்கிறோம். 'சுவை' என்ற சொல்லை நாக்கிடமிருந்து வாங்கிக்கொண்டு, நாக்கை வாசலில் நிறுத்திவிட்டோம்.

கவிதையில் இருந்த அறிவு அழிந்துவிடவில்லை. ஊர்க்கோடிகளில், காய்ந்த ஓலையையும் வைக்கோலையும் எரித்துப் பன்றியின் மயிரைப் பொசுக்கி, கறுத்த தோலைக் கத்தியால் வழித்து, கழுவிச் சமைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எந்த ஓலை புகையும், எது புகையாது என்பது அவர்களுக்குத் தெரியும். மலைபடுகடாமின் அந்த இடத்துக்கு உரை எழுதத் தகுதி உள்ளவர்கள் அவர்கள். அவர்களிடம் நாம் இதுவரை கேட்கவில்லை.