ஞாயிறு மாலை ஒரு மணி நேரம்



சென்ற பொதுக்குழுவில் கடைசியாக வந்த விஷயம் பலருக்கு நினைவிருக்கும். குடியை விட்டவர்கள் நடத்தும் ஏ.ஏ. குழு ஒன்று, ஞாயிறு மாலைகளில் நம் சங்கக் கட்டடத்தின் மாடி அறையை ஒரு மணி நேரம் வாடகைக்குக் கேட்டிருந்தது. "குடிகாரர்கள் வந்து போகும் இடமாகிவிடும்" என்று சிலர் சொன்னார்கள். "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று மினிட்ஸில் எழுதியவன் நான்தான். அதற்குள் அவர்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள் என்பதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குத் தரகர் ஒரு கம்பெனி விவகாரமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு வந்தார். காரியம் தோற்றுப்போயிற்று. அவர் குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. தங்கிய ஓட்டலில் ஒரு பக்கம் பார், மறுபக்கம் தேவாலயங்களின் பட்டியலும் டெலிபோனும். இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் இன்று தப்பிக்கலாம் என்று அவருக்குப் பட்டது. ஒரு பாதிரியாருக்குப் போன் செய்து, அவர் கொடுத்த பெயர்களை வரிசையாக முயன்று, கடைசியில் ஒரு அம்மையார் மூலம் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணரைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம் மட்டும் என்று வந்த டாக்டர் ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். உபதேசம் கேட்டுக் கேட்டுச் சலித்தவர் அவர். வில்சனோ உபதேசம் செய்யாமல் தன் கதையைச் சொன்னார். டாக்டர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐத்தான் இயக்கம் தொடங்கிய நாளாகக் கொள்கிறார்கள். இந்தியாவில் அது 1957-ல் வேர் பிடித்தது.

வங்கியில் இருந்தவன் என்பதால் அவர்களின் கணக்கு வழக்குதான் என்னைக் கவர்ந்தது. 1938-ல் பெரும் பணக்காரரான ஜூனியர் ராக்ஃபெல்லரிடம் உதவி கேட்டார்கள். அதிகப் பணம் இந்த முயற்சியைக் கெடுத்துவிடும் என்று எண்ணி, அவர் 5,000 டாலர் மட்டும் கொடுத்தார். அதில் பெரும்பகுதி டாக்டர் பாப் வீட்டின் அடமானக் கடனுக்குப் போயிற்று! பிற்பாடு வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பதையே கொள்கையாக்கிக்கொண்டார்கள். அறையை நம்மிடம் இலவசமாகக் கேட்காமல் வாடகை பேசியது அதனால்தான். பொருளாளர் கவனிக்க.

நம் மாநிலம் வேறு வழியில் போனது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்துக்கு ஈடாக 1939-ல் விற்பனை வரி வந்தது, பி.காம். படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971-ல் தளர்வு, 1974-ல் மறுபடி தடை, 1981-ல் மறுபடி கடை. 1983-ல் பிறந்த டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. கடையைத் திறப்பதா மூடுவதா என்றே பேசினோம். குடிப்பவன் நோயாளியாக இருக்கலாம் என்று அதிகம் பேசவில்லை.

சென்னையில் அதைப் பேசிய முன்னோடி சாந்தி ரங்கநாதன். முன்னாள் மத்திய நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரனான தன் கணவர் ரங்கநாதனை 1979-ல் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அமெரிக்கா சென்று பயிற்சி பெற்று, 1980-ல் கணவர் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை அதனுடையதுதான். அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் சிகிச்சையில் இடம் உண்டு. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

மருத்துவமனை எதற்கு, குழுவே போதாதா என்று கேட்கலாம். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிரமை வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆகவே முதலில் டாக்டர். உடம்பு தேறி வீடு திரும்பிய பிறகு, பழைய நண்பர்களும் பழைய கடையும் இருக்கும் அதே தெருவில் வாழ வேண்டுமே, அங்கேதான் குழு வேண்டியிருக்கிறது. அதனால்தான் அது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்திரா நகருக்கு வாராவாரம் இங்கிருந்து எத்தனை பேர் போவார்கள்?

இனி என் கதை. எங்கள் கிளையில் காசாளர் ஒருவர், செலையூர்க்காரர். தாம்பரத்தில் ஒரே மின்சார ரயிலில் ஏறுவோம். கிண்டி தாண்டுவதற்குள் அவர் கை நடுங்க ஆரம்பிக்கும். அவர் வராத நாட்களில் "வெளியே போயிருக்கிறார்" என்று சொல்லிச் சமாளிப்போம். கேஷ் டேலி ஆகாத மாலைகளில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சரிக்கட்டுவோம். உதவி என்றுதான் நினைத்தோம். 1991-ல் போய்விட்டார், வயது முப்பத்தொன்பது. மாலைக்கும் நாங்கள்தான் பணம் வசூலித்தோம். பக்கத்தில் இப்படி ஒரு அறை உண்டா என்று விசாரிக்கக்கூட எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு வருடம் முன்பு என் மைத்துனருக்குத் துணையாக, குரோம்பேட்டைப் பக்கம் எல்லோரும் வரக்கூடிய ஒரு கூட்டத்துக்குப் போனேன். பதினொரு பேர், பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்தார். யாரும் குறுக்கே பேசவில்லை. கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. என்னிடம் வந்தபோது, "சார், நீங்க போட வேண்டாம்" என்று வாங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். மைத்துனர் இன்னமும் போய்க்கொண்டிருக்கிறார்.

வீட்டில் யாருக்காவது வழி தேட வேண்டியிருந்தால் 14446 என்ற மத்திய அரசின் இலவச உதவி எண்ணில் கேட்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த பொதுக்குழுவில் அறையைக் கொடுக்கலாம் என்றுதான் கை தூக்கப்போகிறேன். மாட்டேன் என்பவர்கள் ஒரு தடவை என்னோடு குரோம்பேட்டைக்கு வரட்டும். மாடி அறையில் ஒரு மின்விசிறி ஓடவில்லை, படிக்கட்டு விளக்கும் எரியவில்லை. எப்படி முடிவானாலும் அதைச் செயலாளர் பார்த்துவிட்டால் நல்லது.