பிளாட்டினம் பாயிண்டும் மஞ்சள் விளக்கும்

போன வாரம் பெண்ணை டியூஷனிலிருந்து அழைத்து வரும்போது, "அப்பா, இஞ்சின் படம் போட்டு ஏதோ மஞ்ச லைட் எரியுது பாருங்க" என்றாள். பார்த்தேன். எரிந்தது. வண்டி எப்போதும் போலத்தான் ஓடியது. சத்தமில்லை, புகையில்லை, நாற்றமில்லை. வீட்டுக்கு வந்ததும் தங்கமணி, "மெக்கானிக்கிட்ட காட்டிடுங்க, அடுத்த வாரம் ஊருக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் கொசுவத்தி சுத்த ஆரம்பித்துவிட்டது.

அப்பா திருநெல்வேலியில் அரசுத்துறை டிரைவர். இருபது வருடத்துக்கு மேல் அம்பாசிடர். அவருடைய வண்டி நின்றால் காரணத்தை வண்டியே சொல்லும், அவருக்குக் கேட்கும். எனக்கு பி.காம். படித்து பேலன்ஸ் ஷீட்டில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் தெரியும். ஆனாலும் நம் ஊர் கார்களின் கோளாறுகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு, அதை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். சரி, மேட்டருக்கு வருவோம்.

1928-லேயே பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களைப் பூட்டி விற்க ஆரம்பித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, இங்கேயே பாகங்களைச் செய்யாமல் கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்பவர்களுக்கு இடமில்லை என்று அரசாங்கம் சொல்லிவிட, 1950-களின் நடுவில் அவர்கள் மூட்டை கட்டினார்கள். மிஞ்சியவை மூன்று. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், நம்ம சென்னையில் ஸ்டாண்டர்ட். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்துச் செய்த அம்பாசிடர் 1950-களின் கடைசியில் வந்து 2014 மே வரை ஓடியது. ஃபியட் 1100 பல பெயர் மாறி 1970-களில் பிரீமியர் பத்மினி ஆனது. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் 1961-ல் வந்தது.

பணம் கட்டிப் பல வருடம் காத்திருந்தால்தான் புது வண்டி. அதனால் ஒரு வண்டி மூன்று கை, நான்கு கை மாறும். மாடலும் மாறாது. இதில் ஒரு லாபம் இருந்தது. ஒரு மெக்கானிக் இளமையில் கற்றது அவர் ஓய்வு பெறும் வரை செல்லுபடியானது. கன்னியாகுமரியில் நின்றாலும் கான்பூரில் நின்றாலும் கோளாறு அதேதான், வைத்தியமும் அதேதான்.

முதல் குற்றவாளி பிளாட்டினம் பாயிண்ட். (பேர்தான் பிளாட்டினம், முனையில் இருப்பது டங்ஸ்டன்!) டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் இரண்டு முனைகள் தொட்டுத் தொட்டு விலகும். ஒவ்வொரு விலகலுக்கும் பிளக்கில் ஒரு பொறி. தொட்டுத் தொட்டு முனை கருகும், தேயும். இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அது மாறினால் காலையில் ஸ்டார்ட் ஆகாது, மேட்டில் இழுக்காது. அப்பா எமரி பேப்பரால் இரண்டு இழுப்பு இழுத்து, ஃபீலர் கேஜ் இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்து முடுக்கிவிடுவார். மறுபடி மறுபடி கருகினால் பாயிண்டைத் திட்டாமல் கண்டென்சரை மாற்றுவார். பொறி அந்த முனையிலேயே வெடித்து வீணாகாமல் தடுப்பது அந்தச் சின்ன டப்பாதான்.

இரண்டாவது, வெயில் காலத்தில் நிற்பது. மே மாதம், நல்ல ஓட்டம் ஓடி, டீ குடிக்க நிறுத்திவிட்டு வந்தால் வண்டி கிளம்பாது. பம்ப் இஞ்சினை ஒட்டியே இருப்பதால் அந்தச் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்தைத் தள்ளத் தெரிந்த பம்புக்கு ஆவியைத் தள்ளத் தெரியாது. அதற்குத்தான் அந்தக் கால டிரைவர்கள் டிக்கியில் ஒரு பழைய துணியும் தண்ணீர் கேனும் வைத்திருப்பார்கள். ஈரத்துணியை பம்பின் மேல் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தால் ஆவி குளிர்ந்து மறுபடி பெட்ரோலாகும், வண்டி கிளம்பும். சின்ன வயதில் எனக்கு இது மந்திரவாதம் மாதிரி இருக்கும்.

மூன்றாவது கார்புரேட்டர். ஜெட்டில் ஒரு தூசி போதும். சோக்கை இழுத்துவிட்டு மறந்தால் கரும்புகை. பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது, டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி. பிஸ்கட் நிறம் என்றால் ஆரோக்கியம். கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, எண்ணெய் ஒட்டியிருந்தால் ரிங் தேய்மானம், பர்ஸ் காலி.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். நம் வகுப்பு ஜனங்கள் குடும்பத்தோடு காரில் போகலாம் என்று நினைக்க ஆரம்பித்தது இதற்குப் பிறகுதான். ஆனால் கோளாறுகளின் கணக்கு இங்கே தலைகீழாக மாறியதை யாரும் கவனிக்கவில்லை. அம்பாசிடரில் ரேடியேட்டர் ஃபேன் இஞ்சினோடு சேர்ந்து சுற்றும். இஞ்சின் ஓடினால் ஃபேன் ஓடும், அவ்வளவுதான். மாருதியில் இஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்ததால் ஃபேனுக்குத் தனி மோட்டார், சூடானால் ஆன் செய்ய ஒரு ஸ்விட்ச். அந்த ஸ்விட்ச் செத்தால் ஹைவேயில் காற்று அடித்து எல்லாம் நன்றாக இருக்கும், சிக்னலில் நின்றால் கொதிக்கும். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வைத்தியம் முடிந்தது. டிராஃபிக்கில் மட்டும் கொதித்தால் ஃபேன் பக்கம் போங்கள். ஓட்டத்திலும் மலையேற்றத்திலும் கொதித்தால் தண்ணீர் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், கேஸ்கட் என்று தேடுங்கள். முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்பதால் இன்னொரு புது வியாதியும் வந்தது. முழுக்க ஒடித்துத் திருப்பும்போது சக்கரத்தருகே 'டக் டக்' என்று சத்தம். ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியே போய், மண் உள்ளே போயிருக்கும். உறை கிழிந்த அன்றே மாற்றினால் சில நூறு, விட்டால் முழு ஜாயிண்ட்.

இதையெல்லாம் விட முக்கியமானது சிலிண்டர் ஹெட். அம்பாசிடரின் பழைய 1489 சிசி இஞ்சினுக்கு வார்ப்பிரும்பு ஹெட். மாருதிக்கு அலுமினியம். எடை குறைவு, ஆனால் அதிகச் சூட்டில் சுலபமாக வளைந்துவிடும். இந்த ஒரு வரி எனக்கு 2006-ல் தெரியாது.

அப்போது புனேயில் முதல் போஸ்டிங். 1999 மாடல் மாருதி 800 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். பெயின்ட், டயர், ஆர்.சி. புத்தகத்தில் ஹைப்பாதிகேஷன் நீக்கியாயிற்றா என்று எல்லாம் பார்த்தேன் (பேங்க் புத்தி!). ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தார்கள். கோலாப்பூர் மகாலட்சுமி கோயிலுக்குக் கிளம்பினோம். சாத்தாராவுக்கு முன்னால் கம்பட்கி மலையேற்றம். பாதி ஏறும்போது முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தலாமா என்றேன். அப்பா, "இன்னும் ரெண்டு மைலுதாம்ல, ஓட்டு. மேல போய் ஆறவிட்டு தண்ணி ஊத்திக்கிடலாம்" என்றார். இருபது வருட டிரைவர் சொல்கிறார், நேற்று லைசன்ஸ் வாங்கிய நான் மறுப்பேனா? மேலே போய்ச் சேர்வதற்குள் வெள்ளைப்புகை, பிறகு வண்டி நின்றது.

லாரி ஒன்று இழுத்துப்போய் ஒரு பட்டறையில் விட்டது. இருபது வயதுகூட இருக்காத மராத்திப் பையன். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினான். உள்பக்கம் பால் கலந்த டீ மாதிரி. தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டது, கேஸ்கட் போயிற்று. ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர், உப்புப் படிந்து பாதி அடைத்திருந்தது. தெர்மோஸ்டாட்டையே முன்பு யாரோ பிடுங்கி எறிந்திருந்தார்கள். சூடாகும் வண்டிக்கு அந்தக் காலத்து நாட்டு வைத்தியம் அது. பையன் ஹெட்டைக் கழற்றி, ஒரு ஸ்கேலை அதன்மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை நுழைத்துக் காட்டினான். நுழைந்தது. அப்பா குனிந்து பார்த்தார். எதுவும் பேசவில்லை. அன்று இரவு லாட்ஜில், "எங்க வண்டின்னா தாங்கியிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அது பொய்யில்லை. அவர் ஓட்டிய வண்டிக்கு அந்த யோசனை சரி. வண்டி மாறிவிட்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. பில் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். திரும்பி ஊருக்குப் போகும் வரை அவர் அந்தக் காரில் முன் சீட்டில் உட்காரவே இல்லை. பின்னால் அம்மாவோடுதான். பணம் போனதைவிட எனக்கு அதுதான் உறுத்தியது.

மிச்சக் கதை வேகமாக நடந்தது. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஈயமில்லா பெட்ரோலும் வந்தன. 1999-ல் டெல்லியின் காற்றுக்காக உச்ச நீதிமன்றம் யூரோ விதிகளை அமல்படுத்தச் சொன்னது. அதை ஒட்டி கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் குடியேறி, பெட்ரோலை அழுத்தத்தோடு அனுப்பியதால் ஈரத்துணிக்கு வேலை போயிற்று. 2020-ல் பி.எஸ். 6. மும்பையில் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது.

இன்றைக்குக் கோளாறு எண்ணாக வருகிறது. பி 0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. ஏன் எரியவில்லை என்று அது சொல்லாது. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? நம் பிராஞ்ச் ஆடிட் ஆட்சேபம் மாதிரிதான், எங்கே தேட வேண்டும் என்று காட்டும். நிறையப் பட்டறைகளில் எண்ணைப் பார்த்ததும் சென்சாரை மாற்றிவிடுகிறார்கள். காற்றுக் குழாயில் இருக்கும் விரிசல் அப்படியே இருக்கும், அடுத்த வாரம் விளக்கு மறுபடி எரியும். பாதி நேரம் விஷயம் இன்னும் எளிது. பேட்டரி முனையில் பூத்த உப்பு, தளர்ந்த எர்த் ஒயர். நிறுத்திய வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது 14-ஐ ஒட்டி காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் கண்டபடி உளறும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு போன் போட்டு மஞ்சள் விளக்கு விஷயத்தைச் சொன்னேன். வயது 78. "பிளக்க கழத்திப் பாத்தியால?" என்றார். கழற்றினேன். மூன்று பிளக் பிஸ்கட் நிறம், ஒன்று மட்டும் கரி. அந்த சிலிண்டரின் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டினேன். கோளாறு எண்ணும் அடுத்த சிலிண்டருக்கு மாறியது. காயில்தான். புதுசு வாங்கிப் போட்டாயிற்று.

மறுபடி போன் செய்து சொன்னேன். "ரேடியேட்டர்ல தண்ணி பாத்துக்கிட்டியா?" என்று கேட்டார். கூலண்ட்ப்பா, அதுவும் பார்த்துவிட்டேன் என்றேன். "முள்ளு ஏறுனா உடனே நிறுத்திரணும் என்ன" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.