கிலோமீட்டர் சொல்லாத வயது: நெடுந்தூரம் ஓடும் கார்களும் அவற்றை அளக்கும் முறையும்

பழைய கார் வாங்கப் போகிறவரிடம் தரகர் முதலில் சொல்வது, "டாக்டர் வண்டி சார்" என்பதுதான். வீட்டுக்கும் மருத்துவமனைக்குமாக ஓடியது, ஒரே கை, ஐம்பதாயிரம் கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை என்று அடுக்குவார். பக்கத்திலேயே மூன்று லட்சம் ஓடிய வாடகை வண்டி நிற்கும். அதன் பானட்டைக்கூட யாரும் திறந்து பார்ப்பதில்லை. (இரண்டிலும் மீட்டரைத் திருப்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.) இந்தச் சந்தை வழக்கத்துக்கு அடியில் ஒரு கோட்பாடு இருக்கிறது. ஓடும் தூரத்துக்கு ஏற்ப மெழுகுவர்த்தி போலக் கரைந்து தீரும் பொருள்தான் கார் என்பது அந்தக் கோட்பாடு. இயந்திரவியல் நோக்கில் இது பிழை. இதைவிடப் பெரிய பிழையான ஆண்டுக் கணக்கை நம் சட்டமும் காப்பீடும் கையாளுகின்றன. இவ்விரண்டையும் நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

தேய்மானம் எப்போது நிகழ்கிறது என்ற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே விடை கிடைத்துவிட்டது. 1883இல் இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சுகளில் உள்ளதைப் போன்ற ஒரு பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக மேலே துளையிட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அந்தத் துளை வழியாக வெளியே வந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையையும் எண்ணெய் வெளியே தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, பேரிங் தாங்கிய சராசரிச் சுமையைவிட அழுத்தம் மிகுந்திருந்தது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் ஆப்பு போலச் செருகுகிறது. அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் அச்சு மிதக்கிறது என்று 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கணித வழியில் விளக்கினார். இன்று காரின் கிராங்க் பேரிங்குகள் இந்த முறையில்தான் இயங்குகின்றன. படலத்தின் கனம் சில மைக்ரான்களே. ஆனால் அது இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை, தொடாதது தேய்வதுமில்லை.

பிஸ்டன் வளையம் மேல்முனையில் நின்று திரும்பும் இடத்திலும், வால்வுகளை இயக்கும் கேம் பகுதியிலும் படலம் மெலிகிறது என்பது உண்மை. அங்கே எண்ணெயில் கலந்துள்ள துத்தநாக–பாஸ்பரஸ் வேதிப்பொருள் காவல் நிற்கிறது. ஆனாலும் பெரும் சேதம் நேர்வது, இரவெல்லாம் நின்று குளிர்ந்த இன்ஜினைக் காலையில் முடுக்கும் நேரத்திலும் அதன் பிறகு அது சூடேறும்வரை உள்ள சில நிமிடங்களிலும்தான். குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் அளவுக்கு மேல் செலுத்தப்படுகிறது. அது சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்பதையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரும்பங்கு ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் சிறுபங்கு, இன்ஜின் நன்கு சூடாக இருந்தால் ஆவியாக வெளியேறும். குளிர்ந்திருந்தால் ஆயிலோடு கலந்து கசடாகவும் அமிலமாகவும் மாறும். ஐந்து கிலோமீட்டரில் பயணம் முடிந்துவிட்டால் அந்தத் தண்ணீர் வெளியேற வழியில்லை.

இப்போது டாக்டர் வண்டிக்குத் திரும்புவோம். முடுக்குக்கு ஐந்து கிலோமீட்டர் என்று கொண்டால் ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பத்தாயிரம் முடுக்குகள். வாடகை வண்டிக்கு முடுக்குக்கு அறுபது கிலோமீட்டர் என்றால் மூன்று லட்சத்துக்கு ஐயாயிரம்தான். அவற்றிலும் பாதிக்கு மேல் இன்ஜின் சூடாக இருக்கும்போதே நிகழ்ந்தவையாக இருக்கும். இது கருதுகோள் கணக்குதான். ஆனால் கணக்கின் திசை மாறாது.

நெடுந்தூரச் சாதனை என்றதும் அனைவரும் காட்டும் எடுத்துக்காட்டு இர்வ் கார்டன். நியூயார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்த அறிவியல் ஆசிரியர். 1966இல் வாங்கிய சிவப்பு வோல்வோ பி1800எஸ் காரை 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் 30 லட்சம் மைல் கடக்க வைத்தார். ஏறத்தாழ 48 லட்சம் கிலோமீட்டர். அவரைப் பற்றி எழுதுபவர்கள் ஆயில் மாற்றத்தில் அவர் காட்டிய கண்டிப்பைப் புகழ்வார்கள். அது நியாயமே. ஆனால் அவர் பள்ளிக்குப் போய்வந்த தூரம் நாளொன்றுக்கு 125 மைல் என்ற செய்தியைக் கடந்து போய்விடுவார்கள். 47 ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சராசரி பார்த்தால் நாளொன்றுக்கு 280 கிலோமீட்டர் வருகிறது. அந்தக் காரின் இன்ஜின் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் சூடாக, சீரான வேகத்தில், டவரின் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தே கழித்திருக்கிறது. அதே மனிதர் அதே காரை அதே கண்டிப்போடு இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கு ஓட்டியிருந்தால் நாம் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

இந்த வாதத்துக்கு இன்னொரு சான்று எதிர்பாராத இடத்திலிருந்து கிடைக்கிறது. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 1996இல் வெளியிட்ட சோதனையில், நியூயார்க் நகரின் 75 டாக்சிகளை 60,000 மைல் ஓட்டி, இன்ஜின்களைப் பிரித்து அளந்தார்கள். 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றியதற்கும் 6,000 மைலுக்கு ஒருமுறை மாற்றியதற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அடிக்கடி ஆயில் மாற்றுவது வீண் என்று இதைப் பலர் மேற்கோள் காட்டினார்கள். டாக்சி இன்ஜின் குளிர்வதே இல்லை, ஆகவே இது சாதாரண வண்டிக்குப் பொருந்தாது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். மறுத்தவர்கள் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. அந்த மறுப்புதான் சோதனையின் உண்மையான முடிவும்கூட: குளிராத இன்ஜின் ஆயிலை மெதுவாகவே கெடுக்கிறது.

'இதெல்லாம் கார்புரேட்டர் காலத்துக் கதை, இன்றைய கார்கள் வேறு' என்று ஒரு தடை எழலாம். வேறுதான். ஆனால் மாறுபாடு நம் வாதத்தை வலுப்படுத்துகிறது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்6 விதியின்படி டீசல் கார்களில் கரித்துகள் வடிகட்டி இடம்பெற்றது. சேர்ந்த கரியை அது ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஓடினால் இது ஓட்டுநருக்குத் தெரியாமலே முடிந்துவிடும். நகருக்குள் மட்டுமே ஓடும் வண்டியிலோ எரிப்பு பாதியில் அறுபடுகிறது. அதற்கென்று கூடுதலாகச் செலுத்திய டீசல் சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி ஆயிலில் கலக்கிறது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைந்திருக்காது, கூடியிருக்கும்! 'ஆயில் குடிக்காத வண்டி' என்று மகிழ்ந்துபோகிற உரிமையாளர்கள் உண்டு. பெட்ரோல் கார்களிலும் நேரடிச் செலுத்துமுறை வந்தபின், முன்பு உள்ளிழுப்பு வால்வைக் கழுவிக்கொண்டிருந்த பெட்ரோல் இப்போது அதைத் தொடுவதே இல்லை. வால்வின் முதுகில் கரி ஏறுகிறது. துத்தநாக–பாஸ்பரஸ் காவலிலும் ஒரு சிக்கல். அதிலுள்ள பாஸ்பரஸ் புகைக்குழாயின் வினையூக்கிக்கு நஞ்சு. எனவே அதன் அளவை ஆயில் தர விதிகள் குறைத்துவிட்டன.

இத்துடன் 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று எழுதப்பட்ட கியர் ஆயில் வேறு. பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அந்த ஆயிலை மாற்றச் சொல்கிறது. கார் நிறுவனத்தின் கையேடு மாற்ற வேண்டாம் என்கிறது. யாருடைய ஆயுளைச் சொல்கிறார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

தூரக் கணக்கின் போதாமையை நம் ஊர் உழவர்கள் என்றோ அறிந்திருக்கிறார்கள். டிராக்டருக்குக் கிலோமீட்டர் பார்ப்பதில்லை, மணி பார்க்கிறார்கள். சர்வீஸ், ஆயில் மாற்றம், வாடகை எல்லாம் மணிக்கணக்கில். ஒரே இடத்தில் நின்றுகொண்டு கதிரடிக்கும் இயந்திரத்தைத் தூரத்தால் அளக்க முடியாது என்பது வயலில் நிற்பவருக்கு விளங்குகிறது. மவுண்ட் ரோட்டின் சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும் கார் எந்த வகையில் வேறு? மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரியில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜின் 667 மணி நேரம் உழைத்திருக்கிறது. 60 கிலோமீட்டர் சராசரியில் ஓடியது 167 மணி. இரண்டுக்கும் ஒரே தூரத்தில்தான் சர்வீஸ் அழைப்பு வருகிறது. இத்தனைக்கும் இன்றைய காரின் கணினிக்கு இன்ஜின் ஓடிய நேரம், முடுக்குகள், வெப்பநிலை எல்லாவற்றையும் பதிந்துகொள்ளும் திறன் உண்டு.

இதுவரை சொன்னவை இன்ஜினைப் பற்றியவை. ஆனால் இன்றைய கார்கள் பெரும்பாலும் இன்ஜின் தேய்ந்து சாவதில்லை. கணக்கில் சாகின்றன. காப்பீட்டில் காருக்கு வைக்கும் மதிப்பு முதல் ஆண்டிலேயே குறையத் தொடங்கி, ஐந்தாம் ஆண்டில் பாதியாகிறது. இந்தப் பட்டியலில் தூரத்துக்கும் இடமில்லை, பராமரிப்புக்கும் இடமில்லை. விபத்தில் பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பு. இரண்டு ஏர்பேக் விரிந்து, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் முகப்புப் பலகையும் மாற்ற வேண்டி வந்தால், இன்ஜின் கைபடாமல் இருந்தாலும் பத்தாண்டுக் காரின் கதை முடிந்தது. பழுதுச் செலவை உயர்த்துவது உலோகத்தின் விலை மட்டுமல்ல. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் கட்டுப்படுத்தியதற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் ஆணையம் சுட்டிய நிலைமை எந்தப் பட்டறைக்காரருக்கும் புதிதல்ல. வேறு வண்டியிலிருந்து கழற்றிய நல்ல பாகத்தைப் பொருத்தினாலும் அதை வண்டியின் கணினிக்கு அறிமுகப்படுத்த நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். ஸ்பேனரால் ஆகிற வேலை இல்லை அது.

பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் அது அதே கார்தானா என்ற கேள்வியை மெய்யியல் வகுப்புக்கு விட்டுவிடலாம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதை யாரும் வேறு தேர் என்று சொல்லவில்லை.

இனி சட்டம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. டெல்லித் தலைநகர் வட்டாரத்திலோ 2015இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் இட்ட ஆணைகள், டீசலுக்குப் பத்தாண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்து ஆண்டு என்று எல்லை வகுத்தன.

ஆண்டுக் கணக்குக்கு ஆதரவாகச் சொல்ல எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமையடைகிறது. டயர், ஹோஸ், புஷ் எல்லாவற்றுக்கும் ஆண்டுதான் அளவு. ஒரு காரின் புகைத் தரம் அது தயாரான ஆண்டின் விதியோடு கட்டுண்டது என்பதும் மெய். எவ்வளவு பேணினாலும் பிஎஸ்3 வண்டி பிஎஸ்6 ஆகாது. டெல்லியின் காற்றைச் சுவாசிப்பவர்களிடம் போய் என் ஆயில் மாற்றக் குறிப்பேட்டைக் காட்டுவது நியாயமாகாது. ஆனால் புகைதான் காரணம் என்றால் அளக்க வேண்டியது புகையை. நெரிசலில் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடி, வடிகட்டி அடைத்து நிற்கும் ஆறு வயது டீசலையும், நெடுஞ்சாலையில் சீராக ஓடிவரும் பதினொரு வயது டீசலையும் பிறந்த தேதியால் மட்டும் பிரிப்பது, பள்ளியில் சேர்க்கும்போது தலைக்கு மேல் கைசுற்றிக் காதைத் தொடச் சொன்ன பழைய முறையைப் போன்றது.

தகுதிச் சோதனை நிலையங்கள் தானியங்கிக் கருவிகளோடு வரத் தொடங்கியிருக்கும் இந்த வேளையில் வேண்டுவது பெரிதல்ல. காரின் கணினியில் உள்ள இன்ஜின் மணியையும் முடுக்கு எண்ணிக்கையையும் சோதனையின்போது படித்துப் பதிவுச் சான்றோடு இணைக்கலாம். வாங்குபவருக்கும் காப்பீட்டாளருக்கும் அரசுக்கும் ஒரே ஆவணம் கிடைக்கும். மீட்டரைத் திருப்புபவர்களின் பிழைப்பும் போகும். இப்போதைய பதிவுச் சான்றில் காரின் நிறம் உண்டு, இருக்கைகளின் எண்ணிக்கை உண்டு, தயாரித்த மாதமும் ஆண்டும் உண்டு. ஓடிய தூரத்துக்குக்கூட அதில் ஒரு கட்டம் கிடையாது.